மூன்று அக்டோபர் 2-களும் ஜாம்கேடும்

சுதந்திர இந்தியாவின் ஊரக வரலாற்றில் அக்டோபர் 2 மூன்று முறை வருகிறது. 1952இல் அந்நாளில் சமுதாய வளர்ச்சித் திட்டம் 55 இடங்களில் தொடங்கப்பட்டது. 1959இல் அந்நாளில் ராஜஸ்தானின் நாகௌரில் நேரு பஞ்சாயத்து ராஜ் அமைப்பைத் தொடங்கிவைத்தார். 1977இல் அந்நாளில் ஜனதா அரசு, ஆயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஊர்தோறும் நலப் பணியாளர்களை அமர்த்தும் திட்டத்தை அறிவித்தது. காந்தி பிறந்த நாளில் தொடங்கிய இம்மூன்றின் அடியிலும் இருந்த எதிர்பார்ப்பு ஒன்றே: ஊர் தன் தலைவர்களையும் தொண்டர்களையும் தனக்குள்ளிருந்தே கண்டெடுக்க வேண்டும். அவ்வெதிர்பார்ப்பு எங்கே தடுக்கி விழுந்தது, எங்கே நிறைவேறியது என்பதைப் பார்ப்பதே இப்பதிவின் நோக்கம்.

1952 திட்டத்தின் முன்மாதிரி, உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா மாவட்டத்தில் 1948இல் ஆல்பர்ட் மேயர் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞரின் வழிகாட்டலில் உருவானது. அதன் அச்சாணி, வேளாண்மை முதல் சுகாதாரம் வரை அனைத்தையும் ஊராரிடம் கொண்டுசேர்க்கும் ஒரே பணியாளர். நாடு முழுவதும் விரிந்தபோது அவர் கிராம சேவக் எனப்பட்டார். ஏறத்தாழ பத்து ஊர்களுக்கு ஒருவர். பத்து ஊர்களையும் ஒருவரே சுமக்க இயலாது என்பதால், 1950களின் பிற்பகுதியில் ஊர்த் தலைவர்களுக்குச் சில நாள் முகாம்கள் நடத்தி, அவர்களைக் கிராம சேவக்கின் துணைவர்களாக்கும் முயற்சியும் நடந்தது.

இங்கேதான் சிக்கல். முகாமுக்கு வந்தவர்கள் யார்? ஊரில் ஏற்கெனவே சொல் செல்லும் நிலையில் இருந்தவர்கள். வெளியூரிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் யாருடைய திண்ணையில் அமர முடியுமோ, அவரையே தலைவர் என அடையாளம் கண்டார். மேற்கு உத்தரப் பிரதேசத்தில் கள ஆய்வு செய்த சமூகவியலாளர் எஸ்.சி. துபே, திட்டத்தின் பயன் பெரிதும் வசதியும் செல்வாக்கும் உள்ள விவசாயிகளையே சென்றடைந்தது என 1958இல் வெளியான தம் நூலில் பதிவுசெய்தார். அதற்கு முந்தைய ஆண்டே பல்வந்த்ராய் மேத்தா குழு, மக்களின் சொந்த முனைப்பைத் தூண்டுவதில் இத்திட்டம் பெருமளவு வெற்றி பெறவில்லை என்று கூறித் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி அமைப்புகளைப் பரிந்துரைத்தது. நாகௌர் விழா அதன் விளைவு. ஆயினும் தேர்தல் வந்ததாலேயே திண்ணை மாறிவிடவில்லை. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பஞ்சாயத்துகளில் அரசியலமைப்பு வழியிலான இடஒதுக்கீடு 1992இன் 73ஆம் திருத்தத்தோடுதான் வந்தது.

இவ்விரு அரசு முயற்சிகளுக்கும் 1977க்கும் இடைப்பட்ட காலத்தில், மகாராஷ்டிரத்தின் வறட்சி மிகுந்த அகமதுநகர் மாவட்டத்தில் வேறொன்று நடந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற ரஜனிகாந்த் அரோலே, மேபல் அரோலே என்ற மருத்துவத் தம்பதியர் 1970இல் ஜாம்கேடுக்கு வந்து, பயன்பாடற்றுக் கிடந்த கால்நடை மருந்தகம் ஒன்றில் பணியைத் தொடங்கினர். அவர்களும் முதலில் வழக்கமான பாதையிலேயே நடந்தார்கள். பயிற்சி பெற்ற துணைச் செவிலியரை ஊர்களுக்கு அனுப்பினார்கள். அது பலிக்கவில்லை. மணமாகாத, வெளியூர்ப் பெண் ஒருத்தி பிள்ளைப்பேறு குறித்துச் சொல்வதைக் கேட்க ஊர்ப் பெண்கள் ஆயத்தமாக இல்லை.

தோல்வியிலிருந்து அவர்கள் எடுத்த முடிவு அன்றைய மருத்துவ உலகுக்கு வியப்பளித்தது. ஊரே தன் பெண்களில் ஒருவரைத் தேர்ந்து அனுப்பட்டும் என்றார்கள். வந்தவர்களுள் பெரும்பாலோர் பிள்ளை பெற்று வளர்த்தவர்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தலித் பெண்களும் கணிசமாக இருந்தார்கள். பயிற்சியை ஒரு முகாமோடு முடித்துவிடவில்லை. வாரந்தோறும் ஜாம்கேடுக்கு வந்து தங்கினார்கள். சாதி பாராமல் சேர்ந்து சமைத்து உண்டார்கள். கடந்த வாரம் ஊரில் எதிர்ப்பட்ட நோயையும் சண்டையையும் விவாதித்தார்கள். கற்றதை ஊருக்குத் திரும்பியதும் மற்றவர்க்குச் சொல்ல வேண்டும் என்பதே விதி. அறிவு ஒருவரிடம் தேங்கினால் அது மீண்டும் அதிகாரமாகிவிடும் என்ற புரிதல் அதில் இருந்தது. பிரசவம் பார்ப்பது, வயிற்றுப்போக்கில் வற்றும் குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் புகட்டுவது, குழந்தைகளின் எடையைக் கண்காணிப்பது என்று தொடங்கியவர்கள், நாளடைவில் மாதர் மன்றங்களின் முன்னணியில் நின்றார்கள். 1975இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஒரு தொகுப்பு நூல் ஜாம்கேடை முன்மாதிரிகளுள் ஒன்றாக எடுத்துக்காட்டியது. 1979இல் அரோலே தம்பதியர்க்கு மகசேசே விருது கிடைத்தது.

1977 திட்டம் அத்தகைய சோதனைகளிலிருந்து வடிவத்தை எடுத்துக்கொண்டு உள்ளீட்டை விட்டுவிட்டது எனலாம். தேர்வு பஞ்சாயத்தின் கையில் இருந்ததால் செல்வாக்குள்ளவர்களின் உறவினர் பலர் இடம்பிடித்தனர், பெரும்பாலோர் ஆண்கள். மூன்று மாதப் பயிற்சி, மாதம் 50 ரூபாய் மதிப்பூதியம். வாரந்தோறும் கூடிக் கற்கும் இடமோ, ஊரார் கேள்வி கேட்கும் மன்றமோ இல்லை. பின்னர் பெயர் மாறிற்று. திட்டம் மெல்லத் தேய்ந்தது.

2002இல் சத்தீஸ்கரின் மிதானின் திட்டமும், 2005இல் தேசிய ஊரக சுகாதார இயக்கத்தோடு வந்த ஆஷா திட்டமும் பெண்களையே முன்னிறுத்தின. 1977இன் பிழைகளுள் ஒன்று திருத்தப்பட்டது. மற்றொன்று அப்படியே நின்றது: ஆஷா பணியாளர் இன்றும் ஏட்டில் 'தன்னார்வலர்'. பணிக்கேற்ற ஊக்கத்தொகை உண்டு, ஊதியம் இல்லை. 2022இல் உலக சுகாதார நிறுவனம் உலக சுகாதாரத் தலைவர்களுக்கான விருதை அவர்களுக்கு அளித்தது. 2025 பிப்ரவரியில் கேரளத்தின் ஆஷா பணியாளர்கள், 7,000 ரூபாய் மதிப்பூதியத்தை 21,000 ஆக உயர்த்தக் கோரித் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் அமர்ந்து மாதக்கணக்கில் போராடினார்கள்.

ஜாம்கேடும் இவ்விடத்தில் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதன்று. அங்கும் பெண்கள் செய்தது பெரும்பாலும் தொண்டு. ஆனால் அத்தொண்டுக்கு ஈடாக அவர்களுக்கு ஊரில் சொல்லும் இடமும், தொடர்ந்து கற்கும் வாய்ப்பும், தம்மைத் தேர்ந்தவர்களுக்கே பதில் சொல்லும் உறவும் கிடைத்தன. அரசு அம்மாதிரியைப் பெரிதாக்கியபோது தொண்டு மட்டும் மிஞ்சியது; பதில் சொல்ல வேண்டிய இடம் ஊரிலிருந்து மேலதிகாரியின் பதிவேட்டுக்கு மாறியது.

உள்ளூர்த் தலைமையை வளர்ப்பது பற்றி இன்று பேசுவோர் பயிற்சிக் கையேட்டிலிருந்து தொடங்குகிறார்கள். வரலாறு வேறு இடத்திலிருந்து தொடங்கச் சொல்கிறது. அவரைத் தேர்ந்தது யார், அவர் யாருக்குப் பதில் சொல்கிறார், அவர் உழைப்புக்கு என்ன கொடுக்கிறோம் என்ற மூன்றுக்கும் விடை சொல்லாத திட்டம், இன்னொரு அக்டோபர் 2இல் தொடங்கினாலும் பழைய திண்ணையில்தான் போய் அமரும்.