சிறைவாசம்: விஞ்ஞானப் புனைகதைகளில்

வருங்கால உலகங்களைச் சிருஷ்டித்த ஆசிரியர்கள், சிறைச்சுவரை மேலும் உயர்த்துவதைக் காட்டிலும், சுவரே வேண்டாத சிறைகளைக் கற்பனை செய்வதிலேயே அதிக சிரத்தை காட்டியிருக்கின்றனர்.

இம்மரபின் ஆரம்பகால நூல்களுள் ஒன்று, அமெரிக்க ஆசிரியர் ஜாக் லண்டன் 1915-இல் வெளியிட்ட ‘தி ஸ்டார் ரோவர்’ நாவல். கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில், உடலை வரிந்து இறுக்கும் சட்டைக்குள் கட்டுண்டு கிடக்கும் ஒரு பேராசிரியர், தேகத்தை விட்டுத் தம் பூர்வ ஜன்மங்களிலே சஞ்சரிக்கிறார். அச்சித்திரவதையை அங்கே மெய்யாகவே அனுபவித்த எட் மொரெல் என்பவரின் அநுபவமே கதைக்கு ஆதாரம். ருஷ்யரான யெவ்கேனி ஜமியாதின் 1920-21-இல் எழுதிய ‘நாம்’ நாவலிலோ, கண்ணாடி வீடுகளில் வசிக்கும் ஜனங்கள் எந்நேரமும் கண்காணிப்பிலேயே இருக்கின்றனர். ஜாரின் ஆட்சியிலே சிறைபுகுந்த இவ்வாசிரியர், 1922-இல் போல்ஷ்விக் ஆட்சியிலும் அதே சிறைக்கு அனுப்பப்பட்டார்.

ஆல்பிரட் பெஸ்டர் 1956-இல் வெளியிட்ட நாவலில், நினைத்த இடத்திற்கு மனோசக்தியால் தாவும் வித்தை எல்லோர்க்கும் கைவந்துவிடுகிறது. அத்தகையோரை அடைப்பது எங்ஙனம்? புறப்படும் இடத்தை அறியாதவனால் தாவ இயலாதாகையால், ஒளியே புகாத பாதாளக் குகையில் கைதிகளை இருத்துகின்றனர். இருளே அங்கே விலங்கு. ராபர்ட் சில்வர்பெர்க்கின் ‘ஹாக்ஸ்பில் ஸ்டேஷன்’ (1967) கதையில், அரசியல் கைதிகள் புல்பூண்டும் தோன்றாத கேம்பிரியன் யுகத்திற்குத் திரும்பவியலாப் பயணமாக அனுப்பப்படுகின்றனர். அங்கே மூப்படைந்த தலைவர், திரும்பும் மார்க்கம் பிற்பாடு திறந்தபோதும் அவ்விடத்திலேயே தங்கத் தீர்மானிக்கிறார். நெடுஞ்சிறை மனிதனை என்ன செய்யும் என்பதை இதனினும் உருக்கமாகக் காட்டிய கதை இத்துறையில் அரிது.

ராபர்ட் ஹைன்லைன் 1966-இல் சந்திரனையே கைதிகளின் குடியேற்றமாக்கி, அங்கே சுதந்திரப் போரை மூட்டினார். பிரிட்டன் 1788 முதல் ஆஸ்திரேலியாவுக்குக் குற்றவாளிகளைக் கப்பலேற்றிய சரித்திரத்தின் சாயலை அதிலே காணலாம். மன்ஹாட்டன் தீவு முழுவதையும் சிறையாக்கிய 1981-ஆம் ஆண்டின் ‘எஸ்கேப் ஃப்ரம் நியூயார்க்’ போன்ற திரைப்படங்கள் தப்பியோட்டத்தின் பரபரப்பையே பிரதானமாகக் கொண்டன.

எல்லாவற்றினும் ஆழமானது உர்சுலா லெ குவின் 1974-இல் எழுதிய ‘தி டிஸ்பொசஸ்டு’ நாவல். அரசாங்கமும் தண்டனைச் சட்டமும் அறியாத அனாரெஸ் என்னும் உலகத்துச் சிறுவர்கள், சிறை என்பதைப் பாடத்திலே கேள்வியுற்று, அதன் தன்மையை அறியும் ஆவலால், சம்மதித்த தோழன் ஒருவனைத் தங்கள் கல்விக்கூடத்தின் கீழ்ப்புறத்து இருட்டறையில் அடைத்துக் காவல் நிற்கின்றனர். விளையாட்டு முடிந்தபின், அடைத்தவர்களுள் ஒருவனான ஷெவெக் என்பவனுக்குக் குமட்டி வாந்தி வருகிறது.