ஓரமாக உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகள்: விளையாட்டு வகுப்பின் வரலாறு

பள்ளியில் எந்த வகுப்பு பிடிக்கும் என்று கேட்டால் பாதிப் பிள்ளைகள் யோசிக்காமல் சொல்லும் பதில் "பி.டி. பீரியட்". ஆனால் காலில் குறைபாடு உள்ள பிள்ளைக்கும், பார்வை இல்லாத பிள்ளைக்கும், மூளை வளர்ச்சி மெதுவாக இருக்கும் பிள்ளைக்கும் அந்த நாளிலேயே நீளமான பீரியட் அதுதான். மற்றவர்கள் ஓடுவார்கள். அந்தப் பிள்ளை மரத்தடியில் உட்கார்ந்து அவர்களுடைய செருப்புக்கும் பைக்கும் காவல் இருக்கும். யாரும் விரட்டுவதில்லை. "உனக்கு எதுக்கு கண்ணு கஷ்டம், நீ உட்காரு" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். அந்த அன்புதான் பிரச்சினையே!

இந்த வழக்கம் எந்த ஒரு நாட்டுக்கும் மட்டும் சொந்தமல்ல. ஆனால் அதை மாற்றுவதற்குச் சட்டம் வரை போன நாடு அமெரிக்கா. அந்தக் கதை தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

மருந்தாக இருந்த உடற்பயிற்சி

1813-ல் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் பெர் ஹென்ரிக் லிங் என்பவர் உடற்பயிற்சிக் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். கூன், வளைந்த முதுகு போன்றவற்றைப் பயிற்சியால் சரிசெய்யலாம் என்பது அவர் வழி வந்தவர்களின் நம்பிக்கை. இந்த முறை அமெரிக்கப் பள்ளிகளுக்கும் போனது. குறைபாடுள்ள பிள்ளைக்கு விளையாட்டு கிடையாது, திருத்தும் பயிற்சி மட்டும்தான். பிழை பிள்ளையின் உடம்பில் இருக்கிறது, அதை நேராக்க வேண்டும் என்பதே அன்றைய எண்ணம்.

இரண்டாம் உலகப் போர் இதை அசைத்தது. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு அடிபட்ட வீரர்களுக்கு டாக்டர் லுட்விக் குட்மன் விளையாட்டையே சிகிச்சையாகக் கொடுத்தார். 1948 ஜூலை 29-ல் சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் அங்கே வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார்கள். பாராலிம்பிக்கின் வேர் அதுதான்.

1952-ல் அமெரிக்க உடற்கல்வி ஆசிரியர்கள் சங்கம் "தகவமைத்த உடற்கல்வி" என்பதற்கு ஒரு விளக்கம் தந்தது. பிள்ளையின் ஆர்வத்துக்கும் திறனுக்கும் ஏற்ற விளையாட்டுகளைக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். திருத்த வேண்டியது பிள்ளையை அல்ல, விளையாட்டை என்ற பேச்சு தொடங்கியது.

ஒரு வீட்டுத் தோட்டமும் ஒரு மைதானமும்

ஜனாதிபதி கென்னடியின் தங்கை யூனிஸ் கென்னடி ஷ்ரைவர். இவருடைய அக்கா ரோஸ்மேரி அறிவுசார் குறைபாடு உள்ளவர். 1962-ல் மேரிலாந்தில் உள்ள தன் வீட்டுத் தோட்டத்திலேயே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கோடைக்கால விளையாட்டு முகாம் நடத்தினார் யூனிஸ். நீச்சல், பந்து, ஓட்டம் எல்லாம் உண்டு.

அதே காலத்தில் சிகாகோ பூங்காத் துறையில் ஆன் மெக்லோன் என்ற இளம் உடற்கல்வி ஆசிரியை, இத்தகைய பிள்ளைகளுக்கு நகர அளவில் ஒரு போட்டி நடத்த ஆசைப்பட்டார். பணம் கேட்டு யூனிஸின் அறக்கட்டளையை அணுகினார். நகரப் போட்டி நாட்டுப் போட்டியானது. 1968 ஜூலை 20-ல் சுமார் 1,000 பேர் கலந்துகொண்ட முதல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் நடந்தது. (அந்த ஆசிரியை பின்னாளில் ஆன் பர்க் என்ற பெயரில் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஆனார்!)

சட்டத்தில் ஏறிய ஒரே பாடம்

முகாமும் போட்டியும் வருடத்தில் சில நாட்கள்தான். மற்ற நாட்களில் பள்ளியில் என்ன நடக்கிறது? அன்று சுமார் 10 லட்சம் மாற்றுத்திறன் குழந்தைகள் அரசுப் பள்ளிகளிலிருந்தே முழுவதுமாக விலக்கப்பட்டிருந்தார்கள் என்று அமெரிக்க நாடாளுமன்றமே பதிவு செய்தது. 1975 நவம்பர் 29-ல் ஜனாதிபதி ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம், அவர்கள் அனைவருக்கும் இலவசக் கல்வியை உரிமையாக்கியது.

அதில் ஒரு விசேஷம் உண்டு. சிறப்புக் கல்வி என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில் கணக்கு, அறிவியல் என்று எந்தப் பாடத்தின் பெயரும் இல்லை. பெயர் சொல்லப்பட்ட ஒரே பாடம் உடற்கல்வி. விளையாட்டு மைதானம் சலுகையிலிருந்து உரிமைக்கு மாறியது இங்கேதான்.

பணம் மட்டும் வரவில்லை. ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை மத்திய அரசு தரும் என்று சட்டம் சொன்னது. இன்றுவரை ஒரு வருடம்கூட அந்த அளவை எட்டவில்லை.

தனியாக ஓடிய பெண்

மைதானத்துக்குள் விட்டால் போதுமா? டாட்யானா மெக்ஃபேடன் ரஷ்யாவில் முதுகுத்தண்டுக் குறைபாட்டோடு பிறந்து, அனாதை இல்லத்தில் வளர்ந்து, அமெரிக்கக் குடும்பம் ஒன்றால் தத்தெடுக்கப்பட்டவர். 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் 15 வயதில் இரண்டு பதக்கங்கள் வென்றார். ஊர் திரும்பியபின், பள்ளித் தடகளப் போட்டியில் சக்கர நாற்காலியோடு தனியாகத்தான் ஓட வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் பார்க்க, காலியான டிராக்கில் ஒரே ஒரு பெண்!

அவர் வழக்குப் போட்டார். நஷ்ட ஈடு கேட்கவில்லை, மற்றவர்கள் ஓடும் அதே நேரத்தில் ஓட வேண்டும் என்று மட்டும் கேட்டார். 2006-ல் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாக உத்தரவிட்டது. 2008-ல் மேரிலாந்து மாநிலம் இதற்கென்றே சட்டம் இயற்றியது. 2013-ல் மத்திய கல்வித் துறை நாடு முழுவதும் உள்ள பள்ளிகளுக்கு இதே பொருளில் வழிகாட்டுதல் அனுப்பியது. டாட்யானா இதுவரை 20-க்கும் மேற்பட்ட பாராலிம்பிக் பதக்கங்கள் வென்றிருக்கிறார்.

இனி?

பள்ளி விளையாட்டில் சம உரிமை என்பது 2006 ஐ.நா. உடன்படிக்கையிலும் இடம்பெற்றது. அதை ஏற்ற இந்தியா 2016-ல் இயற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் அது இருக்கிறது. வழிகாட்டிய அமெரிக்கா 2009-ல் உடன்படிக்கையில் கையெழுத்து மட்டும் போட்டது, செனட் ஒப்புதல் தரவில்லை.

சட்டம் பிள்ளையை மைதானம் வரைதான் கூட்டிவரும். அதற்குப் பிறகு ஆசிரியர் கையில்தான் இருக்கிறது. ஓசை எழுப்பும் பந்து, விசிலுக்குப் பதில் கொடி, வாலிபாலுக்குப் பதில் பலூன், சக்கர நாற்காலி டென்னிஸில் உள்ளதுபோல இரண்டு முறை பந்து தரையில் எழும்ப அனுமதி... இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. "நீ உட்காரு" என்று சொல்வதற்குப் பதிலாக "உனக்கு எப்படி ஆடினால் வசதி?" என்று கேட்க ஒருவர் இருந்தால், மரத்தடிப் பிள்ளைக்கும் அது பிடித்த பீரியடாக இருக்கும்.