பள்ளியும் பிரம்பும்: உடப்புக் கரையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

புத்தளம் மாவட்டக் கரையோரத்தே அமைந்த உடப்பில், கரைவலைக் காலத்தில் விடியுமுன்னரே கடற்கரை விழித்துவிடும். அம்பாப் பாடலின் தாளத்துக்கு இசைய வலைக்கயிறு கரையேறும்போது, பெரியவர்களின் கைகளோடு சில சிறுவரின் கைகளும் அக்கயிற்றிலே காணப்படுவதுண்டு. அச்சிறுவருள் ஒருவன் முதற் பாடவேளையிற் கண்ணயர்ந்தால் அவன் சோம்பேறி. அதட்டும்போது முரண்டு பிடித்தால் குழப்படிக்காரன். இப்பெயர்களைச் சூட்டியபின் பள்ளிக்கூடம் அவனை என்ன செய்து வந்திருக்கின்றது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

தமிழரின் பழைய திண்ணைப் பள்ளிக்கூடம் இதிற் கொடுமையாகவே நடந்துகொண்டது. உத்தரத்திற் கட்டிய கயிற்றைப் பிடித்துப் பிள்ளையைத் தொங்கச் செய்யும் கோதண்டம், காலிற் பிணைக்கும் கட்டை என்பன அங்கு வழங்கிய தண்டனைகள். ஆயினும் அதே திண்ணையில் வேறிரு வழக்கங்களும் இருந்தன. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குப் பாடஞ் சொன்னான்.

ஸ்கொத்லாந்து மதகுருவான அன்ட்ரூ பெல் 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரரின் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தைப் பொறுப்பேற்றார். அருகிலிருந்த தமிழ்ப் பள்ளியொன்றின் மணலெழுத்தைக் கண்டு, அதனைத் தம் இல்லத்திலும் கையாள முனைந்தார். உதவியாசிரியர்கள் இணங்கவில்லை. ஆகவே எட்டு வயதளவினனான ஜோன் பிரிஸ்கென் என்னும் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அம்முயற்சி பலித்தது. ஒழுக்கத்துக்கும் அவர் இதே வழியை நாடினார். குற்றங்கள் ஒரு கறுப்புப் புத்தகத்திற் பதியப்பட்டன. வாரந்தோறும் மாணவரே நடுவராக அமர்ந்து அவற்றை விசாரித்தனர். 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட அறிக்கையின் வழியே இம்முறை ஐரோப்பாவெங்கும் பரவியது. திண்ணையிலிருந்து மணலையும் சட்டாம்பிள்ளையையும் ஒத்தவற்றை மேற்குலகம் ஏற்றது, கோதண்டத்தை ஏற்கவில்லை. நாமோ நெடுங்காலம் பிரம்பையே பற்றிக்கொண்டிருந்தோம் என்பது எமது எண்ணம்.

எனினும் மேற்குலகத்தைப் புகழ்ந்து அமையவும் இயலாது. பெல்லின் போட்டியாளரான யோசப் லங்காஸ்டர் நற்சீட்டுக்களை வழங்கிப் பின் பரிசளித்தார். அவரே தவறிழைத்த பிள்ளையைக் கூடையில் ஏற்றிக் கூரையிலிருந்து தொங்கவும் விட்டார். பிரம்பு விலகிய இடத்தில் அவமானம் வந்து அமர்ந்தது.

இலங்கையில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, ஆசிரியர் நியாயமான அளவில் மாணவனை அடிப்பது குற்றமன்று என உதாரணங் காட்டியே விளக்கியது. நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தின் பின்னரே கல்வியமைச்சு 2005இலும் 2016இலும் சுற்றறிக்கைகள் மூலம் உடற்றண்டனையை விலக்கியது. 2017இல் அம்பாந்தோட்டை மாவட்டத்தில் ஆசிரியரின் அடியாற் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவனின் வழக்கில், 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் ஆசிரியர் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் வழங்கப் பணித்தது. பிரம்பை விடுமாறு சட்டம் கூறிற்று. அதன் பின் கையில் எதனை எடுப்பது என்று ஆசிரியர் வினவினால் அவ்வினாவைக் குறைகூற முடியாது.

அதற்கான விடையின் ஒரு பகுதியை நடத்தையியல் தருகின்றது. ஒரு நடத்தைக்கு முன் நிகழ்ந்தது யாது, அதன் பின் பிள்ளைக்குக் கிடைப்பது யாது என்று அது ஆராயும். முரண்டும் மாணவன் வாசிக்கத் தெரியாமையை மறைக்கின்றானா, கவனத்தை நாடுகின்றானா என அறிந்த பின்னரே பரிகாரம் அமையும். மறு பகுதியை மட்டக்களப்பிற் காணலாம். அங்கு 1996இல் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், போரைக் கண்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் களிமண்ணிலும் கதையிலும் இசையிலும் தம் அச்சத்தை வெளிப்படுத்தினர். பிள்ளையின் கோபத்துக்கு ஒரு வரலாறுண்டு என்பதை அம்முயற்சி ஏற்றுக்கொண்டது.

உடப்பில் இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. சோளகக் காற்று எழ மேற்குக் கரை கொந்தளிக்கும்; அப்பருவத்திற் கிழக்குக் கரை வாடிகளுக்குப் பெயர்ந்து தொழில் செய்யும் வழக்கம் எம் மீனவரிடையே இருந்து வந்தது. வகுப்பாசிரியர் வரவுப் பதிவேட்டைக் கரைவலைக் காலத்தோடு ஒரு முறை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பின்னர், உறங்கும் பையனிடம் வீட்டுப்பாடத்தைக் கேட்குமுன், இன்று எத்தனை மணிக்கு எழுந்தாய் என்று கேட்கலாம்.