ஞானஸ்நான ஏட்டில் இடம்பெறாதவர்கள்

பாஸ்கா காலத்து ஞாயிறு ஒன்றின் மாலையில், இளந்தம்பதியர் இருவர் தம் இரண்டாம் குழந்தையின் திருமுழுக்கிற்காகப் பெயர் கொடுக்க வந்திருந்தனர். கைக்குழந்தைக்கு நாற்பத்தைந்து நாள். மூத்தவனுக்கு இரண்டு வயது நிரம்பச் சில வாரங்கள் இருந்தன. நான் ஏட்டைத் திறந்து, குழந்தையின் பெயர், பிறந்த நாள், பெற்றோர், ஞானப்பெற்றோர் என ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். மூத்தவன் மேசைக்கு அடியில் புகுந்து என் செருப்பை இழுத்தான். பிறகு தாயின் மடியில் ஏற முயன்றான். அங்கே இடமில்லை. என் பேனாவையே சற்று நேரம் பார்த்தவன், “நானு?” என்றான்.

“உன் பேரு அப்பவே எழுதியாச்சுடா,” என்றார் தந்தை. உண்மைதான். ஆனால் அந்த ஒற்றைச் சொல் என்னை விடவில்லை. குருப்பட்டம் பெற்ற நாள்முதல் எத்தனையோ பெயர்களை இந்த ஏடுகளில் எழுதியிருக்கிறேன். புதிதாய் வந்த குழந்தைக்கு அதில் இடமுண்டு. அது வந்ததால் மடியிலிருந்து இறங்கிய குழந்தைக்கு இல்லை. இருவரையும் வைத்துக்கொண்டு இரவுபகல் கண்விழிக்கும் தாய்க்கோ பெயரளவில் ஒரு கட்டம்.

நம் புதுச்சேரி மண்ணில் இத்தகைய ஏடுகளுக்கு நெடிய வரலாறு உண்டு. ஐரோப்பியர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் ஞானப்பணி ஆற்றிய கப்புச்சின் சபைக் குருக்களின் பதிவுகள் 1676 தொடங்கிக் கிடைக்கின்றன. ஆளுநராக இருந்த அல்பிரெத் மர்த்தினோ அவற்றின் சுருக்கத்தை 1917 முதல் நூல்களாக வெளியிட்டார். வரலாற்றாசிரியர்க்கு இவை பெருஞ்செல்வம். பழைய ஏடுகளைப் புரட்டிய குருக்கள் எவரும் ஒன்றை அறிவர்: ஒரே பெற்றோர்க்கு இரண்டாண்டு இடைவெளியில் மீண்டும் அதே பெயர் வரும். இறந்த குழந்தையின் பெயரை அடுத்ததற்குச் சூட்டியிருப்பார்கள். மை மங்கிய இரு வரிகளுக்கு இடையே ஒரு வீட்டின் அழுகை முழுவதும் அடங்கிக் கிடக்கும். நாம் பக்கத்தைத் திருப்பிவிடுவோம்.

ஏட்டில் இல்லாததை மொழி காத்து வைத்திருக்கிறது. தாய் மறுபடி கருவுற்றதால் பால் மறுக்கப்பட்டு இளைத்து ஏங்கும் பிள்ளையைத் தமிழர் “சவலைப் பிள்ளை” என்றனர். மேலைநாட்டு மருத்துவம் இந்நிலையை உற்று நோக்கியது மிகப் பிந்தியே. இன்று கானா எனப்படும் அன்றைய கோல்டு கோஸ்டில் பணிபுரிந்த சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர், வீங்கிய வயிறும் நிறம் மாறிய முடியுமாய் வந்த சிறு பிள்ளைகளைக் கண்டு, அந்நாட்டுக் கா மொழித் தாய்மார் அந்நோய்க்கு வழங்கிய “குவாஷியோர்கர்” என்ற பெயரையே 1935-இல் மருத்துவ உலகிற்கு அறிவித்தார். அடுத்த குழந்தை பிறக்கும்போது இடமிழந்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். ஆப்பிரிக்கத் தாயும் நம் தாயும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே துயரத்திற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். பெயரிட்டவர்கள் பெண்களே என்பதில் எனக்கு ஐயமில்லை.

அந்த வீடு எவ்வாறு இருந்தது என்பதை நம்மில் முதியோர் அறிவர். உத்தரத்தில் பழஞ்சேலைத் தூளி. மூலையில் வசம்பு, கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய் வைத்த உரைமருந்துப் பெட்டி. வசம்பிற்குப் “பிள்ளை வளர்ப்பான்” என்றே ஒரு பெயர் உண்டு. பிள்ளை வளர்த்த பாட்டிக்கு அப்படியொரு பட்டம் எவரும் தந்ததாகத் தெரியவில்லை. மூத்ததற்குப் பால் மறக்க மார்பில் வேப்பெண்ணெய் தடவுவார்கள். நேற்றுவரை இனித்தது இன்று கசப்பதேன் என்று அப்பிள்ளைக்கு விளங்காது. நடைவண்டியைத் தள்ளியபடி தூளிவரை வந்து, உள்ளே கிடப்பதை எட்டிப் பார்த்து, யாரும் கவனியாத நேரத்தில் ஒரு கிள்ளும் கிள்ளும்.

இந்த வீட்டிற்குள் திருச்சபை நுழைந்த வழியும் குழந்தைதான். 1703 நவம்பரில், சீனம் செல்லும் வழியில், திருத்தந்தையின் தூதரான தூர்னோன் புதுச்சேரியில் வந்திறங்கினார். இங்குத் தங்கியிருந்த மாதங்களில் பெரும்பாலும் நோயுற்றிருந்த அவர், இயேசு சபைக் குருக்கள் இருவரிடம் தமிழ்க் கிறிஸ்தவர்களின் வழக்கங்களைக் கேட்டறிந்து, 1704 ஜூன் 23 அன்று ஓர் ஆணையைப் பிறப்பித்தார். மலபார் சடங்குகள் பற்றிய விவாதம் எனக் குருமடத்தில் நாங்கள் படித்தது இதனையே. பூணூல், சந்தனம், நீறு என்றே அன்று மனப்பாடம் செய்தோம். அண்மையில் அந்த ஆணையை மீண்டும் படித்தபோதுதான், அதன் விதிகளுள் பல வீட்டின் உள்ளறையைப் பற்றியவை என்பது உறைத்தது. கிறிஸ்தவப் பெற்றோரின் குழந்தைகளுக்கு ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடலாகாது. புனிதர் பெயரே இடவேண்டும். ஞானஸ்நானச் சடங்கில் உமிழ்நீர் தொடுதலை விடலாகாது. சிறு பிள்ளைகளுக்கு மணம் முடிக்கலாகாது. பெண் பூப்பெய்தியதை ஊரறியக் கொண்டாடலாகாது. மாதவிலக்கு நாள்களில் பெண்களைக் கோவிலிலிருந்தும் ஒப்புரவு அருட்சாதனத்திலிருந்தும் விலக்கலாகாது என்பதும் அதில் உண்டு. இவ்வொரு விதிக்காகவாவது அந்த நோயாளித் தூதரை நான் நன்றியோடு நினைக்கிறேன். ஏனையவற்றில் அவர் நம் மக்களை அறிந்து தீர்ப்பளித்தார் என்று சொல்ல என் மனம் துணியவில்லை. பிள்ளை பெற்ற பெண் ஒருத்தியின் குரலும் அந்த விசாரணையில் கேட்கப்படவில்லை.

பல்லாண்டு வழக்காடலுக்குப்பின் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் 1744 செப்டம்பர் 12 அன்று இவ்விவாதத்திற்கு முற்றுப்புள்ளி வைத்தார். அதற்கு அடுத்த ஆண்டுதான் நம் உழவர்கரையில், இன்றைய ரெட்டியார்பாளையத்தில், புனித அந்திரேயா ஆலயம் எழுந்தது. கட்டியவர் பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாஷ் பேதுரு கனகராய முதலியார். 1739-இல் இளமையிலேயே இறந்துபோன தம் ஒரே மகன் வேலவேந்திரன் நினைவாகவே அவர் இதனை எழுப்பினார். பெயர்களைக் கவனியுங்கள். ஏட்டில் பேதுரு, ஊரில் கனகராயன். தூர்னோனின் ஆணை தூளிவரை எட்டவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ! இன்றும் திருமுழுக்குப் பெயர் ஒன்றும் கூப்பிடும் பெயர் ஒன்றுமாகத்தானே நம் பிள்ளைகள் வளர்கின்றனர்.

அவ்வாலயத் திறப்பின்போது நடந்த பெருவிருந்தை ஆனந்தரங்கப்பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஆளுநர் துய்ப்ளெக்சும் அவர் மனைவியும் வந்திருந்தனர். எல்லாச் சாதியாரும் அழைக்கப்பட்டனர். அவரவர் ஆசாரத்திற்கேற்பத் தனித்தனியே சமைக்கப்பட்டது. கிறிஸ்தவர் ஒருவர் கோவில் விழாவில் இந்து வழக்கத்தைப் பின்பற்றியதைப் பிள்ளை குறையாகவும் சொல்கிறார். ஒரே மகனைப் பறிகொடுத்தவர் ஊரெல்லாம் கூட்டிச் சோறிட்டதன் பொருள், பதவியில் போட்டியாளராக இருந்த அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நினைவுக் கோவில் கட்டப் பொருளில்லாத ஏழைகளும் அந்நாளில் பிள்ளைகளை இழந்தார்கள். பெரியம்மையும் வயிற்றுப்போக்கும் எடுத்துச் சென்ற குழந்தைகளுக்கு ஓர் உழவன் நட்ட மரச்சிலுவை எத்தனை மழைக்குத் தாங்கியிருக்கும்? கனகராயரும் 1746 பிப்ரவரியில் இறந்தார். ஆண்வாரிசு இல்லாத அவர் சொத்திற்காக உடன்பிறந்தவர் ஒருபுறமும், விதவையான மனைவியும் மருமகளும் மறுபுறமும் வழக்காடினர்.

அடுத்த நூற்றாண்டில் இந்த வீட்டின் வேறொரு கதவு திறந்தது. ஆயர் பொனான் 1844 தொடக்கத்தில் புதுச்சேரியில் சங்கம் கூட்டினார். அவ்வாண்டிலேயே தந்தை துய்ப்புய், பெண்பிள்ளைகளின் கல்விக்கென மரியாவின் மாசற்ற இருதயச் சபையைத் தொடங்கினார். பெண்கல்வியின் பெருமையை நாம் அடிக்கடி பேசுகிறோம். அக்கல்விக்கு வீட்டில் எழுந்த தடை யாதென எண்ணிப் பார்ப்பதில்லை. கைக்குழந்தை தாயிடம் இருந்தால், நடக்கப் பழகும் குழந்தை யார் இடுப்பில் இருந்தது? ஏழு வயது அக்காளின் இடுப்பில். அவள் பலகையும் பாடமுமாய்ப் போய்விட்டால் அக்குழந்தையை யார் தூக்குவது, தாய் எப்படிக் களையெடுக்கப் போவது? பள்ளியில் சேர்ந்த ஒவ்வொரு சிறுமிக்கும் பின்னால், கூடுதலாக ஒரு சுமையை ஏற்ற தாயோ பாட்டியோ இருந்தார். கன்னியர் வரலாற்றோடு அவர்கள் வரலாறும் எழுதப்பட வேண்டியது.

1880 மார்ச்சில் உழவர்கரை ஒரு கொம்யூனாயிற்று. ஏப்ரலில் இந்தியர்க்கும் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவை முறைப்படுத்தும் ஆணை வந்தது. அன்றுமுதல் குழந்தைக்கு இரண்டு ஏடுகள்: கோவிலில் ஒன்று, மேரியில் ஒன்று. (நகராட்சி மன்றத்தைப் பிரெஞ்சுச் சொல்லால் மேரி என்றே நம் பெரியோர் அழைத்தனர். “மேரியில் எழுதியாச்சா?” என்று என் பாட்டனார் கேட்டதைச் சிறுவயதில் மாதாவைப் பற்றியதென்றே எண்ணியிருந்தேன்.) 1881 செப்டம்பர் ஆணையின்படி சொந்த ஆசாரச் சட்டத்தைத் துறந்தவர்கள் குடும்பப்பெயர் ஒன்றையும் ஏற்றனர். பொன்னுத்தம்பிப் பிள்ளை லாப்போர்த் ஆனார். பெயர் மாறியது, தூளி ஆட்டிய கை மாறவில்லை.

நம் திருச்சபையின் பக்கமோ ஒரு வெற்றிடம் நெடுங்காலம் நீடித்தது. “கூடிய விரைவில்” ஞானஸ்நானம் என்பது சட்டம். பிறந்த சில நாள்களிலேயே ஞானத்தாய் குழந்தையை எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் போவார்; பெற்றவர் படுக்கையில் இருப்பார். 1614-ஆம் ஆண்டு உரோமைச் சடங்கு நூலின்படி, தேறியபின் அவர் எரியும் மெழுகுதிரியுடன் கோவில் வாசலில் முழந்தாளிட்டு ஆசீர் பெற்று உள்ளே நுழைவார். தம் பிள்ளையின் ஞானஸ்நானத்தைத் தாம் பாராமலே தலைமுறை தலைமுறையாகத் தாய்மார் பிள்ளை வளர்த்தனர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் கேட்டுக்கொண்டதற்கிணங்க 1969 மே மாதம் வெளிவந்த குழந்தைத் திருமுழுக்குச் சடங்கே பெற்றோரை முன்னிலைப்படுத்தியது. குழந்தையைக் கையில் ஏந்திய தாய்க்கென ஓர் ஆசியுரையும் அதில் இடம்பெற்றது.

என் வீட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. என் அண்ணனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று அம்மா வீட்டில் இருந்தார். அடுத்து நான் பிறந்தபோது அம்மாவே என்னைக் கோவிலுக்கு எடுத்துச் சென்றார். அதைப் பெருமையாகச் சொல்லிக் காட்டுவார். அன்று அண்ணன் எங்கே என்று நான் கேட்டதே இல்லை. இறையியல் படித்தவன், குடும்பம் இல்லத் திருச்சபை என்று எத்தனையோ மறையுரை ஆற்றியவன், ஐம்பது வயது கடந்தபின் சென்ற ஆண்டுதான் கேட்டேன். “ஆயா வீட்டுல இருந்தேன். நீ பொறந்ததும் கொண்டுபோய் விட்டுட்டாங்க. ஒரு வருஷம். திரும்பி வந்தப்போ அம்மாவை எனக்கு அடையாளம் தெரியலையாம்,” என்றார் சிரித்துக்கொண்டே. அவர் சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அம்மாவையும் குறை சொல்ல வழியில்லை. இரண்டு பிள்ளை, ஒரு பசு, மில்லில் மாற்றுவேலை பார்க்கும் கணவர். இரண்டு கைதானே அவருக்கும்.

இன்று அந்த ஆயா வீடும் இல்லை. ஏர் உழுத நிலங்கள் குடியிருப்பு நகர்களாகி, 2011 கணக்கெடுப்பில் உழவர்கரை நகராட்சியின் மக்கள்தொகை மூன்று இலட்சத்தைத் தொட்டது. மாடிக் குடித்தனத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, இரு மழலைகளோடு காலைமுதல் இரவுவரை தனித்திருக்கும் தாய்மாரை வீடு சந்திக்கும்போது காண்கிறேன். மூத்தது விழித்தால் இளையது உறங்கும். இளையது அழுதால் மூத்ததும் சேர்ந்து அழும். சோறு ஆறிக் கிடக்கும். இத்தகைய ஒரு தாயைத்தான் சில ஆண்டுகளுக்குமுன் ஒரு ஞாயிறு திருப்பலியில், மறையுரைக்கு இடையே நிறுத்தி, குழந்தைகளை வெளியே கொண்டு போகும்படி ஒலிபெருக்கியில் சொன்னேன். ஒன்றை இடுப்பிலும் ஒன்றைக் கையிலுமாய் அவர் நடுப்பாதையில் நடந்து போனார். மறுவாரமும் அதற்கு மறுவாரமும் வரவில்லை. வீடு தேடிச் சென்றபோது, “பசங்க பெரிசானதும் வரேன் சாமி,” என்றார். மூன்று நூற்றாண்டுக்கு முன் விலக்கலாகாது என்று எழுதிப் போன அந்தத் தூதர் அன்று என் நினைவிற்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

பதிவு செய்த குழந்தையின் திருமுழுக்கு அடுத்த ஞாயிறு நடந்தது. தாய் தூக்கி வந்தார். ஞானத்தாய் வெண்துகில் போர்த்தினார். பாஸ்கா திரியிலிருந்து ஏற்றிய மெழுகுதிரியை ஞானத்தந்தை நீட்டியபோது, மூத்தவன் ஓடிவந்து “பூ” என்று ஊதி அணைத்துவிட்டான். மீண்டும் ஏற்றினோம். மீண்டும் ஊதினான். கூட்டம் சிரித்தது, தாய் மட்டும் தலைகுனிந்தார். மூன்றாம் முறை ஏற்றும்போது, அவன் கையையும் திரியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளுமாறு ஞானத்தந்தையிடம் சொன்னேன்.