முன்குறிப்புக் கோட்பாடு

முன்குறிப்புக் கோட்பாடு என்பது, இரட்சணியம் பெறுவோர் இன்னார் என்பதை உலக சிருஷ்டிக்கு முன்னரே கடவுள் தம் சித்தத்தால் நியமித்துவிட்டார் எனக் கூறும் கிறிஸ்தவ சமயக் கொள்கை. அந்நியமனம் அவரவருடைய விசுவாசத்தையும் நடத்தையையும் முன்னறிந்து அதற்கேற்பச் செய்யப்பட்டதா, அன்றி எவருடைய தகுதியையும் நோக்காது கிருபை ஒன்றினாலேயே செய்யப்பட்டதா; நியமனம் பெறாதார் தம் பாவத்தில் விடப்பட்டவர்களா, தண்டனைக்கென்றே குறிக்கப்பட்டவர்களா; யாவும் முன்பே தீர்ந்ததாயின் மனிதனுடைய சுயாதீனத்துக்கும் ஜெபத்துக்கும் பொருள் யாது என்னும் வினாக்கள், 4ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டு மேற்றிசைத் திருச்சபையை ஓயாது கலக்கி வந்திருக்கின்றன. ஊழ், விதி, தலையெழுத்து எனத் தமிழில் வழங்குவனவற்றோடு இதனை ஒன்றாக எண்ணுதல் பொருந்தாது. ஊழ் செய்த வினையின் பின்னே வருவது. முன்குறிப்போ, வினை எதுவும் தோன்றுமுன்னரே கடவுளின் சித்தத்தில் உள்ளதாகச் சொல்லப்படுவது.

சொல்லும் பொருளும்

தமிழ் வேதாகமத்தில் ரோமர் நிருபத்தின் 8ஆம் அதிகாரத்தில் ஆளப்பெறும் ‘முன்குறித்தல்’ என்னும் சொல், கிரேக்க மூலத்திலும் இலத்தீன் மொழிபெயர்ப்பிலும் உள்ள சொற்களைப் போலவே, ‘முன்’ என்னும் உறுப்பை முதலிற் கொண்டது. விவாதத்தின் பெரும்பகுதி அவ்வோர் உறுப்பைச் சுற்றியே நடந்தது எனலாம். தமிழில் ‘முன்’ காலத்தையும் சுட்டும், இடத்தையும் சுட்டும். ‘விடியுமுன்’ என்பதில் காலம், ‘கண்முன்’ என்பதில் இடம். கடவுள் காலவரிசையில் நமக்கு முன்னே நின்று வரப்போவதைத் தீர்மானிக்கிறாரா, காலத்துக்குப் புறம்பே நின்று யாவற்றையும் தம் கண்முன் காண்கிறாரா என்பதற்கேற்பக் கோட்பாட்டின் உருவமே வேறுபடுகிறது.

வேத ஆதாரமும் ஆதிப் பிதாக்களும்

இக்கோட்பாட்டுக்கு முதன்மையான ஆதாரம் அப்போஸ்தலராகிய பவுலின் நிருபங்களாகும். ரோமர் நிருபத்தின் 9ஆம் அதிகாரத்தில், இன்னும் பிறவாமலும் நன்மை தீமை எதுவும் செய்யாமலும் இருந்த நிலையிலேயே ஏசாவை விட்டு யாக்கோபு தெரிந்துகொள்ளப்பட்டதும், குயவனை நோக்கிக் களிமண் வினாவலாகாது என்னும் உவமையும் கூறப்படுகின்றன. எபேசியர் நிருபத்தின் முதல் அதிகாரமும் இப்பொருளையே பேசுகிறது. எதிர்ப்பக்கத்தார், எல்லா மனிதரும் இரட்சிக்கப்பட வேண்டுமென்பதே கடவுளின் விருப்பம் எனக் கூறும் முதலாம் தீமோத்தேயு நிருபத்தை எடுத்துக்காட்டுவர். நட்சத்திரங்களின் ஆதிக்கத்தையும் மாறா விதியையும் போதித்த பிற மதங்களோடு வாதிட்ட ஆரிஜென் முதலிய கிரேக்கப் பிதாக்கள், மனிதனுடைய சுயாதீனத்தையே வற்புறுத்தினர். கடவுள் ஒருவனைத் தெரிந்துகொள்ளுதல், அவன் எவ்வாறு நடப்பான் என்று முன்னறிந்ததன் பயன் என்பதே அவர்களுடைய பொதுக் கருத்து. கீழ்த்திசைத் திருச்சபை இந்நிலையினின்று இன்றும் பெரிதும் விலகவில்லை.

அகஸ்டினும் பெலாஜியசும்

வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரத்து மேற்றிராணியாரான அகஸ்டின் (354–430) முதலில் கிரேக்கப் பிதாக்களின் இக்கருத்தையே கொண்டிருந்தார். ஆயின், ஏறக்குறைய 396இல், சிம்ப்ளீசியானுஸ் என்பார் ரோமர் நிருபத்தைப் பற்றி எழுப்பிய ஐயங்களுக்கு விடை எழுதப் புகுந்தபோது, விசுவாசமும் கிருபையின் கொடையே என்னும் முடிவுக்கு வந்தார். பிரித்தானியாவிலிருந்து ரோமுக்கு வந்து ஒழுக்க நெறியைப் போதித்த பெலாஜியஸ், கடவுள் கட்டளையிட்டதைச் செய்யும் ஆற்றல் மனிதனுக்கு உண்டு என வாதிட்டபோது, ஜென்மபாவத்தால் மனித சித்தம் கட்டுண்டது என அகஸ்டின் மறுத்தார். 418இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலாஜியஸின் போதனையைக் கண்டித்தது.

அவ்வெற்றியோடு கலகம் ஓயவில்லை. எல்லாம் கிருபையாயின் தவறிய சகோதரனைக் கண்டிப்பது எதற்கு என்று ஹாத்ருமேத்தும் மடத்துத் துறவிகள் வினவினர். தென் காலியாவின் துறவிகளோ, முதலடி மனிதனுடையதாக இருத்தலாகாதா என்றனர். இவர்களுக்கு விடையாக அகஸ்டின் தம் இறுதியாண்டுகளில் எழுதிய நூல்கள் முன்குறிப்பைக் கூர்மையாக வரையறுத்தன. 529இல் ஆரஞ்சு நகரத்துச் சங்கம், கிருபையே முந்துவது என்பதை ஏற்று, தீமைக்கு முன்குறிக்கப்பட்டார் உளர் என்பதை மறுத்தது.

காலத்தின் இயல்பை ஆராய்ந்தவரும் அகஸ்டினே. உலகைப் படைக்குமுன் கடவுள் என்ன செய்துகொண்டிருந்தார் என்னும் வினாவுக்கு, காலமே படைப்பின் பகுதியாகலின் அதற்கு ‘முன்’ என்பதொன்று இல்லை எனத் தம் ‘அறிக்கைகள்’ நூலின் 11ஆம் பகுதியில் விடை கூறினார்.

போயீதியுஸ்

கோத்தியர் அரசனான தியோதோரிக்கின் ஆட்சியில் உயர்பதவி வகித்து, இராஜத்துரோகக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறையிற் கிடந்து, ஏறக்குறைய 524இல் கொலைத்தண்டனை பெற்ற போயீதியுஸ், அச்சிறையில் இயற்றிய ‘தத்துவத்தின் ஆறுதல்’ என்னும் நூலின் ஐந்தாம் பகுதியில் இச்சிக்கலை எடுத்துக்கொண்டார். நித்தியம் என்பது முடிவின்றி நீளும் காலமன்று. எல்லையற்ற ஜீவனை ஒருங்கே முழுமையாகக் கொண்டிருக்கும் நிலை என்பது அவருடைய வரையறை. ஆகவே கடவுளின் அறிவு முன்னறிவன்று, என்றும் நிகழ்காலமான காட்சி. வானத்திற் கதிரவன் எழுவதையும் தரையில் ஒருவன் நடப்பதையும் நாம் ஒரே நேரத்தில் காண்கிறோம். இரண்டும் ஒரே காட்சியிலடங்கினும், கதிரவன் எழுவது இயற்கையின் கட்டாயம், அம்மனிதன் நடப்பதோ அவன் விருப்பம். நாம் கண்டதனால் அவன் நடை கட்டாயமாகிவிடவில்லை. உயர்ந்த சிகரத்தினின்று நோக்குவது போன்றதாகலின் இதனை முன்காணல் என்னாது பராமரிப்பு என்பதே தகும் என்றார். காலமுன்னைக் கண்முன்னாக மாற்றிய இவ்விளக்கத்தைப் பிற்காலத்தார் பலர் பின்பற்றினர்.

காட்ஸ்சால்க் வழக்கு

9ஆம் நூற்றாண்டில் இவ்விவாதத்தைத் தூண்டிய காட்ஸ்சால்க், சாக்ஸன் பிரபு ஒருவரின் மைந்தர். தாமாக எதையும் தெரிந்துகொள்ளும் பருவம் வருமுன்னரே பெற்றோரால் ஃபுல்டா மடத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர். வளர்ந்தபின் தம்மை விடுவிக்குமாறு வழக்காடி, 829இல் மைன்ஸ் சங்கத்தில் வென்றாராயினும், மடாதிபதி ரபானுஸ் மௌருஸ் விடாது எதிர்த்தமையால் துறவுக்கோலத்தினின்று நீங்க முடியவில்லை. பின்னர், அகஸ்டினின் நூல்களில் ஆழ்ந்து, தெரிந்துகொள்ளப்பட்டோர் ஜீவனுக்கும் மற்றையோர் மரணத்துக்குமாக முன்குறிப்பு இருவகைப்படும் எனப் போதிக்கலானார். 848இல் மைன்சிலும் 849இல் கியேர்சியிலும் கண்டனம் செய்யப்பட்டு, சவுக்கால் அடிக்கப்பட்டு, தம் ஏடுகளைத் தம் கையாலேயே தீயிலிடும்படி நிர்ப்பந்திக்கப்பட்டு, ஓட்விலேர் மடத்திற் சிறைவைக்கப்பட்டார். கொதிக்கும் நீரும் எண்ணெயும் கொழுப்பும் கீலும் நிறைந்த பீப்பாய்களில் இறங்கித் தம் கொள்கையை மெய்ப்பிக்கச் சித்தமாயிருப்பதாக அறிவித்தவர், ஏறக்குறைய 868இல் இறக்கும்வரை அதனைக் கைவிடவில்லை.

அவரை மறுக்குமாறு ரைம்ஸ் நகரத்துப் பேராயர் ஹின்க்மார் முதலியோர் ஐரிஷ் அறிஞரான ஜான் எரியுஜெனாவை ஏவினர். கடவுளிடத்தில் காலமில்லையாகலின் முன்னறிதல், முன்குறித்தல் என்பன வெறும் உபசார வழக்கே என அவர் எழுதிய நூல் ஏவியவர்களையே திடுக்கிடச் செய்தது. 855இல் வலான்ஸ் சங்கம் அதனை ஸ்காட்டியரின் கூழ் என்று இகழ்ந்து தள்ளியது. அக்காலத்தில் ஸ்காட்டியர் என்னும் பெயர் அயர்லாந்தாரையே குறித்தது.

13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், முன்குறிப்பையும் மனித சுயாதீனத்தையும் முதற்காரணம், துணைக்காரணம் என்னும் முறையில் இணைத்தார். சாலையிற் செல்பவன் தன் பின்னே வருவோரைக் காணான், மலைமேல் நிற்பவனோ வழிச்செல்வோர் அனைவரையும் ஒருங்கே காண்பான் என்னும் அவருடைய உவமை போயீதியுஸின் சிகரத்தை நினைவூட்டுவது.

சீர்திருத்தமும் டோர்ட் சங்கமும்

எராஸ்மஸ் 1524இல் சித்த சுயாதீனத்தை ஆதரித்து எழுத, மார்ட்டின் லூதர் அடுத்த ஆண்டு ‘அடிமைப்பட்ட சித்தம்’ என்னும் நூலால் விடையிறுத்தார். ஜெனீவாவில் ஜான் கால்வின் தம் ‘கிறிஸ்தவ சமயப் போதனை’ நூலின் 1559ஆம் ஆண்டுப் பதிப்பில் இருவகை முன்குறிப்பை விரிவாக நிறுவினார். அதனை அச்சந்தரும் ஆணை என அவரே ஒப்புக்கொண்டார் எனினும், வேதம் கூறுவதை மறைத்தலாகாது என்பது அவர் துணிபு. 1551இல் இக்கொள்கையைப் பொதுவில் எதிர்த்த போல்செக் என்பார் அந்நகரினின்று வெளியேற்றப்பட்டார். கால்வினுக்குப் பின் வந்தோர், மனிதனின் வீழ்ச்சியைக் கருதியபின் தெரிவு செய்யப்பட்டதா, தெரிவைக் கருதியபின் வீழ்ச்சி நியமிக்கப்பட்டதா என்று கடவுளின் ஆணைகளை வரிசைப்படுத்தலாயினர். இங்கே ‘முன்’ காலத்தையும் சுட்டவில்லை, இடத்தையும் சுட்டவில்லை. தர்க்க முறையையே சுட்டியது.

இவ்வரிசையை ஏற்காதவர், கால்வினின் வாரிசான பேசாவிடம் பயின்று, 1603இல் லேடன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரான ஆர்மீனியுஸ் (1560–1609). விசுவசிப்போர் இன்னார் என்று முன்னறிந்தே கடவுள் தெரிந்துகொள்கிறார் என்பது அவர் கொள்கை. உடனாசிரியரான கொமாருஸ் அதனைக் கடுமையாக எதிர்த்தார். ஆர்மீனியுஸ் இறந்த மறு ஆண்டில் அவரைச் சார்ந்தோர் ஐந்து பிரிவுகள் கொண்ட விண்ணப்பம் ஒன்றை விடுத்தனர். வேதசாஸ்திரப் பூசல் விரைவில் இராஜ்யப் பூசலாயிற்று: ஹாலந்து மாகாணத்தின் தலைவரான ஓல்டன்பார்னவெல்ட் விண்ணப்பக்காரரையும், இளவரசர் மௌரிஸ் எதிர்க்கட்சியையும் ஆதரித்தனர். 1618 நவம்பர் 13 முதல் 1619 மே 9 வரை டோர்ட்ரெக்ட் நகரில் நடந்த சங்கம், அந்நிய நாட்டுப் பிரதிநிதிகளும் அமர்ந்திருக்க, விண்ணப்பத்தின் ஐந்து பிரிவுகளையும் நிராகரித்துக் கால்வினியக் கொள்கையை நிலைநாட்டியது. நான்கே நாளில், மே 13 அன்று, ஓல்டன்பார்னவெல்ட் தலை துண்டிக்கப்பட்டார். அவர் பக்கம் நின்றதற்காக ஆயுட்சிறை விதிக்கப்பட்ட சட்ட அறிஞர் குரோத்தியுஸ், 1621இல் தமக்குப் புத்தகங்கள் வந்துபோகும் பெட்டியில் ஒளிந்து தப்பினார்.

மொலினாவும் நடு அறிவும்

கத்தோலிக்கத் திருச்சபையிலும் இதே காலத்தில் பூசல் மூண்டது. லூயிஸ் தெ மொலினா என்னும் இயேசு சபை குரு 1588இல் லிஸ்பனில் வெளியிட்ட நூலில், நிகழக்கூடியன யாவற்றையும் அறியும் அறிவுக்கும், நிகழவிருப்பனவற்றை அறியும் அறிவுக்கும் இடையே, இன்ன நிலையில் வைக்கப்பட்டால் இன்னான் தன் விருப்பப்படி இன்னது செய்வான் என அறியும் ‘நடு அறிவு’ ஒன்று கடவுளுக்கு உண்டு எனக் கூறினார். இதற்குச் சான்றாகக் காட்டப்படுவது முதலாம் சாமுவேல் நூலின் 23ஆம் அதிகாரம். கேகிலா பட்டணத்தில் தங்கிய தாவீது, சவுல் இங்கு வருவானா, வந்தால் ஊரார் தன்னை ஒப்புக்கொடுப்பார்களா எனக் கர்த்தரை வினவ, இரண்டுக்கும் ஆம் என விடை வந்தது. தாவீது உடனே ஊரைவிட்டு நீங்கவே, சவுலும் வரவில்லை, காட்டிக்கொடுப்பும் நிகழவில்லை. நிகழாததொன்றை, நிகழ்ந்திருக்கக்கூடியது எனக் கடவுள் திட்டமாக அறிந்தார் என்பதே மொலினாவின் பட்சத்தார் கொண்ட கருத்து.

தொமினிக்கன் சபையினரான பான்யெஸ், இது கடவுளின் சித்தத்தை மனிதனுடைய சித்தத்துக்குக் காத்திருக்கச் செய்வதாகும் என எதிர்த்தார். ரோமாபுரியில் 1598 முதல் 1607 வரை விசாரணை நடந்தது. பாப்பரசர்களின் முன்னிலையில் மட்டும் 85 அமர்வுகள் நிகழ்ந்தன. இறுதியில் ஐந்தாம் பவுல் பாப்பரசர், இருதிறத்தாரும் தத்தம் கொள்கையைப் போதிக்கலாம், ஒருவரையொருவர் கண்டித்தல் கூடாது, தீர்ப்பு தக்க காலத்தில் வெளியிடப்படும் எனக் கட்டளையிட்டார். பின்னர், அகஸ்டினின் கொள்கையைத் தீவிரமாக எடுத்துரைத்த யான்செனியுஸின் நூலிலிருந்து தொகுத்ததாகக் கொள்ளப்பட்ட ஐந்து கூற்றுகளை அப்போதைய பாப்பரசர் 1653இல் கண்டித்தார்.

பிற்காலம்

இங்கிலாந்தில் 1739இல் ஜான் வெஸ்லி முன்குறிப்பை மறுத்துப் பிரசங்கம் செய்ய, அவருடைய நண்பரும் கால்வினியருமான ஜார்ஜ் விட்ஃபீல்டு அதற்கு மறுப்பெழுதினார். மெதடிஸ்ட் இயக்கம் இரண்டாகப் பிளந்தது. ஆயினும் 1770இல் விட்ஃபீல்டு இறந்தபோது நினைவுப் பிரசங்கம் நிகழ்த்தியவர் வெஸ்லியே. டோர்ட் தீர்மானங்களை விசுவாசப் பிரமாணமாகக் கொண்ட அமெரிக்கச் சீர்திருத்தச் சபையின் ஆர்க்காடு மிஷன் நிறுவிய சபைகளும், வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்டுகளும், 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் ஒன்றாயின. கால்வினியரும் ஆர்மீனியரும் ஒரே பந்தியில் அமரலாயினர்.

இருபதாம் நூற்றாண்டில் வேதசாஸ்திரியான கார்ல் பார்த், 1942இல் வெளிவந்த தம் பெருநூலின் ஒரு பகுதியில், தெரிந்துகொள்ளப்பட்டவரும் தள்ளப்பட்டவரும் கிறிஸ்துவே எனக் கூறி இருவகை முன்குறிப்புக்குப் புதுப்பொருள் தந்தார். தத்துவ ஆசிரியர் நெல்சன் பைக் 1965இல், கடவுள் காலத்துக்குட்பட்டவராயின் அவருடைய தவறா முன்னறிவு மனித சுயாதீனத்துக்கு இடங்கொடாது என வாதித்து வினாவைப் புதுப்பித்தார். 1981இல் தத்துவ ஆசிரியர்களான ஸ்டம்ப், கிரெட்ஸ்மன் இருவரும் போயீதியுஸின் நித்தியத்துக்கு ஆதரவாக எழுதினர். 1994இல் வேதசாஸ்திரியான கிளார்க் பின்னாக் முதலிய ஐவர், எதிர்காலத்தின் ஒரு பகுதி இன்னும் தீராதது, ஆகவே கடவுளும் அதனைத் தீராததாகவே அறிகிறார் என எழுதியது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. அறிவதற்குரியதொன்று இன்னும் இல்லையாதலின் இஃது அறியாமையன்று என்பது அவர்கள் கூறும் சமாதானம். கண்முன் எல்லாம் விரிந்து கிடக்கிறது என்னும் போயீதியுஸின் காட்சியை அவர்கள் ஏற்கவில்லை. மொலினாவின் நடு அறிவுக்கும் அண்மைக் காலத்தில் புராட்டஸ்டண்டுத் தத்துவ ஆசிரியரிடையே புதிய ஆதரவாளர் தோன்றியுள்ளனர். தக்க காலத்தில் வெளியிடப்படும் என 1607இல் அறிவிக்கப்பட்ட தீர்ப்போ இதுகாறும் வெளிவரவில்லை.