கங்கல்: வாலா, ஊரா?

துருக்கி மொழியில் ‘கங்கல்’ என்றால் வளையமாகச் சுற்றி வைத்த கயிறு அல்லது கம்பி. வளைத்துக் கட்டிய சுஜுக் என்னும் தொத்திறைச்சியைக் கடைகளில் ‘கங்கல் சுஜுக்’ என்று விற்கிறார்கள். துருக்கியின் ஆட்டுக்காவல் நாயான கங்கலின் வாலோ, நாய் உஷாரானவுடன் முதுகின்மேல் வட்டமாகச் சுருண்டு எழும். வாலால் வந்த பெயர் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் விளக்கத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒலி ஒப்புமையே போதுமென்றால், இரவெல்லாம் பட்டி காக்கும் நாய் இது, ஆகவே நம் ‘கங்குல்’தான் அங்கே போய்க் கங்கல் ஆயிற்று என்று சாதிக்கவும் ஆள் கிடைப்பார்.

பெயர் ஊரிலிருந்து வந்தது. துருக்கியின் சிவாஸ் மாகாணத்தில் கங்கல் என்றொரு சிறுநகரம் இருக்கிறது. இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று ஊரையே நாய்க்குப் பெயராக்கிப் பழகிய நமக்கு இது விளங்காததல்ல. அந்த வட்டாரத்துச் செம்மறிக்கும் ‘கங்கல் அக்கராமன்’ என்றே பெயர். அதன் வால் கொழுப்பேறிப் பருத்துத் தொங்கும். நாய்க்கும் ஆட்டுக்கும் பொதுவாக இருப்பது வால் அல்ல, ஊர். அந்த ஊருக்கே பெயர் எப்படி வந்தது என்றால், கங்லி என்ற பழைய துருக்கிய இனக்குழுவைக் காட்டுவோர் உண்டு. அதுவும் ஒலியைத் தாண்டி நகரவில்லை என்றே எனக்குப் படுகிறது.

ஆட்டுக்காரர்களுக்கு நெடுங்காலம் இனப்பெயரே தேவைப்படவில்லை. ‘சோபான்’ என்றால் இடையர். இது இடையர் நாய், அவ்வளவுதான். அடையாளம் சொல்ல வேண்டுமானால் தலையின் நிறம் போதும். ‘பாஷ்’ என்பது தலை. மங்கிய பழுப்பு உடம்பும் கறுத்த முகமும் உள்ளது ‘கரபாஷ்’, கருந்தலை. மேற்குத் துருக்கியின் வெள்ளை நாய் ‘அக்பாஷ்’, வெண்தலை.

‘இடையர் நாய்’ என்ற சொல் வெளியாரை ஏமாற்றும். இது மந்தையை ஓட்டுவதோ மடக்குவதோ இல்லை, மந்தைக்குள்ளேயே வாழ்கிறது. குட்டியிலிருந்தே ஆட்டு வாடையில் வளர்வதால் ஆடுகளைத் தன் கூட்டமாகவே எடுத்துக்கொள்கிறது. ஓநாய் தென்பட்டால் நடுவில் போய் நின்று குரைக்கும். அதற்கும் ஓநாய் போகாவிட்டால்தான் பாய்ச்சல். அந்தச் சண்டையில் குரல்வளை தப்புவதற்காகவே கழுத்தில் ஆணி வைத்த இரும்புப் பட்டை. யாருடைய கட்டளைக்கும் காத்திராமல் தானே முடிவெடுக்கும் நாய் இது. சொன்னதைச் செய்யவில்லை என்று அடுக்குமாடி வீட்டில் வைத்துக்கொண்டு நொந்துகொள்வதில் பொருளில்லை. அந்தப் பிடிவாதத்துக்காகவேதான் தலைமுறை தலைமுறையாக இதைத் தேர்ந்து வளர்த்திருக்கிறார்கள். கிராமத்தில் இதன் சாப்பாடு ‘யால்’, அதாவது பார்லி மாவைச் சுடுநீரில் பிசைந்த கூழ். 50 கிலோவைத் தொடும் ஆண் நாய்கள் அதைத் தின்று சிவாஸின் உறைபனியில் வெட்டவெளியில் படுத்திருக்கும். அடர்ந்த அடிமயிர் குளிரைத் தாங்கும்.

பெயர்ச் சண்டை இனப் பதிவேட்டில்தான் தொடங்கியது. 1965இல் சார்மியன் ஸ்டீல் என்ற பெண்மணி இந்நாய்களை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனபோது ‘அனத்தோலியன் கரபாஷ்’ என்ற பெயர் பரவிற்று. பிறகு கருந்தலை, வெண்தலை எல்லாவற்றையும் சேர்த்து ‘அனத்தோலிய இடையர் நாய்’ என்று ஒரே பெயரில் கட்டினார்கள். துருக்கியர்களுக்கு இது உவப்பாக இல்லை. கங்கல் தனி இனம், அதற்குத் தன் ஊர்ப்பெயர் வேண்டும் என்பது அவர்கள் வாதம். 2013இல் பிரிட்டனின் கென்னல் கிளப் ‘துருக்கிக் கங்கல் நாய்’ என்று தனியாகப் பதிவு செய்தது. 2018இல் சர்வதேச நாய்க் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ. தன் பட்டியலில் அனத்தோலியாவை நீக்கிக் கங்கல் என்று எழுதிக்கொண்டது. அமெரிக்கன் கென்னல் கிளப்பின் ஏட்டிலோ இன்றும் அனத்தோலியன்தான். நமீபியாவில் சிவிங்கிப்புலிகளை விவசாயிகள் சுட்டுக் கொல்லாதிருக்க, 1994 முதல் சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியம் இந்நாய்களை ஆட்டுப்பட்டிகளுக்குக் கொடுத்து வருகிறது. அங்கே கங்கல், அனத்தோலியன் என்று இரண்டு பெயரிலும் வழங்குகிறார்கள்.