அகத்தியமலைப் பச்சிலையும் அதன் உரிமையும்

மும்பையிலிருந்தும் தில்லியிலிருந்தும் விடுமுறைக்கு ஊர் திரும்பும் நாஞ்சில் நாட்டு அன்பர்கள் திருவனந்தபுரத்தைத் தாண்டியதும் ரயில் ஜன்னலருகே வந்து அமர்வது வழக்கம். பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை என்று நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கழியும். பாறசாலைக்கு அப்பால் குழித்துறை, அது தமிழ்நாடு. 1956 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீசுவரம், தோவாளை ஆகிய வட்டங்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக் கோடு இவ்வாறு அமைந்ததேயன்றி, அக்கோட்டின் இருபுறத்துக் கிராமங்களிலும் சந்தையில் ஒரு மொழியும் வீட்டில் ஒரு மொழியுமாகப் பேசும் குடும்பங்கள் இன்றும் பல. பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை.

இந்தக் கோட்டைச் சற்றும் பொருட்படுத்தாத குடியினர் ஒருவர் உளர். கிழக்கே நீல நிறமாய்த் தோன்றும் மலைத்தொடரில், 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்தைச் சூழ்ந்து வாழும் காணிக்காரர்களே அவர்கள். நெய்யாறு பிறப்பது அம்மலையில்தான். திருநெல்வேலிப் பக்கத்துச் சரிவிலும், கன்னியாகுமரி மாவட்டத்துக் காடுகளிலும், திருவனந்தபுரம் மாவட்டத்து மலைப்புறங்களிலும் அவர்களுடைய குடியிருப்புகள் உள்ளன. தமிழும் மலையாளமும் பிரியாத ஒரு பேச்சு அவர்களுடையது. தங்கள் மருத்துவ அறிவு அகத்தியரிடமிருந்து வந்தது என்பது அவர்கள் நம்பிக்கை. தலைவனை மூட்டுக்காணி என்றும், மருத்துவமும் மந்திரமும் அறிந்தவனைப் பிலாத்தி என்றும் அழைப்பர். பகைவருக்கு ஒளிந்து திரிந்த நாளில் மார்த்தாண்டவர்மா மகாராஜாவுக்குக் காட்டில் அடைக்கலம் தந்தவர்கள் தாங்களே என்றும் கூறுவர்.

அம்மலைச் சரிவில் விளையும் ஒரு சிறு செடி எவ்வாறு ஆராய்ச்சிக் கூடத்துக்குச் சென்றது, மருந்தாகி எவ்வாறு கடைக்கு வந்தது, அதன் உரிமை யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதே இன்று நாம் காண இருக்கும் வரலாறு. புதுமை ஒன்றைக் கண்டவன் அதற்குப் பேடண்ட் எனப்படும் காப்புரிமை பெற்று விற்பனைக்குக் கொண்டுவர விரும்பினால் எவருடைய உதவி தேவை, அந்த உதவிக்கு என்ன விலை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி நம் பக்கத்தில் வேறில்லை.

1987 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். பழங்குடி மக்களின் தாவர அறிவைத் தொகுப்பதற்காக மத்திய அரசு நடத்திய அகில இந்தியத் திட்டமொன்றின் ஆராய்ச்சியாளர்கள், டாக்டர் பி. புஷ்பாங்கதன் தலைமையில் அகத்தியமலைக் காட்டில் ஏறிக்கொண்டிருந்தனர். வழிகாட்டியாக வந்தவர்கள் காணி இளைஞர்கள். மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி என்போர் அவர்களுள் இருவர். ஏறும் வழியில் விஞ்ஞானிகள் களைத்துப்போனார்கள். வழிகாட்டிகளுக்கோ களைப்பே இல்லை. அவர்கள் அவ்வப்போது ஏதோ ஒரு சிறு பழத்தைத் தின்றுகொண்டே நடந்தார்கள். விஞ்ஞானிகளுக்கும் கொடுத்தார்கள், தின்றவர்களுக்குக் களைப்பு நீங்கிற்று. அது எந்தச் செடி என்று கேட்டபோது அவர்கள் சொல்லத் தயங்கினார்கள். அயலாருக்கு வெளியிடலாகாத குல அறிவு அது. நெடுநேரம் வற்புறுத்தி, தவறாகப் பயன்படுத்தமாட்டோம் என்று உறுதி கூறிய பின்னரே செடியைக் காட்டினார்கள்.

தாவர நூலார் அதற்கு டிரைக்கோப்பஸ் சைலானிக்கஸ் என்று பெயரிட்டிருந்தனர். திருவிதாங்கூர் மலைக்குரிய உள்வகை அது. ஆகவே செடி விஞ்ஞானத்துக்குப் புதியதன்று. அதன் குணமே புதியது. அந்தக் குணத்தை அறிந்திருந்தவர்கள் காணிக்காரர்கள். அச்செடிக்கு ‘ஆரோக்கியப் பச்சை’ என்ற பெயர் வழங்கலாயிற்று.

முதற் சோதனைகள் ஜம்முவிலுள்ள மத்திய ஆராய்ச்சிக் கூடத்தில் நடந்தன. பின்னர் புஷ்பாங்கதன் பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிலையத்துக்கு இயக்குநராக வந்தார். கேரள அரசு 1979 இல் நிறுவிய இந்நிலையம் அகத்தியமலையிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. ஆராய்ச்சி அங்கே தொடர்ந்தது. காணிக்காரர் தின்றது பழம். ஆராய்ச்சியாளரோ இலையிலும் அச்சத்து இருப்பதைக் கண்டனர். இது சிறிய செய்தியன்று. பழம் ஆண்டில் சில காலமே கிடைக்கும். இலையைச் செடிக்குக் கேடின்றிப் பலமுறை பறிக்கலாம். இலையோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுக்கிராந்தி ஆகிய மூன்றையும் சேர்த்து ‘ஜீவனி’ என்ற மருந்து உருவாயிற்று. உடற்சோர்வை அகற்றி வலிமை தருவது என்று அதை அறிமுகப்படுத்தினர்.

இங்கே சட்டத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். அந்நாளில் நடப்பில் இருந்தது 1970 ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம். அதற்கு அடிப்படை, சென்னை உயர்நீதிமன்றத்து நீதிபதியாக விளங்கிய ராஜகோபால அய்யங்கார் 1959 இல் அளித்த அறிக்கை. அயல்நாட்டு மருந்துக் கம்பெனிகள் இந்தியாவில் காப்புரிமையை வாங்கி வைத்துக்கொண்டு மருந்தைச் செய்யாமலும், செய்தால் அதிக விலைக்கு விற்றும் வந்த நிலையை அவர் ஆராய்ந்தார். அதன் பயனாக, மருந்துப் பொருளுக்கு உரிமை இல்லை, அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே உரிமை உண்டு என்று சட்டம் வகுத்தது. அந்த உரிமைக்கும் ஏழாண்டுக்கு மேல் ஆயுள் இல்லை. மருந்து விலை இந்நாட்டில் குறைந்ததற்கு இச்சட்டம் பெருங்காரணம் என்பது என் கருத்து. 2005 இல்தான் மருந்துப் பொருளுக்கும் உரிமை மீண்டும் வந்தது.

இச்சட்டப்படி பாலோட்டு நிலையம் 1996 இல், ஜீவனியைச் செய்யும் முறைக்கு உரிமை வேண்டி விண்ணப்பித்தது. கண்டுபிடித்தவர்களாகக் குறிக்கப்பட்டோர் விஞ்ஞானிகள். காணிக்காரரைச் சேர்க்கச் சட்டத்தில் வழியில்லை. இலையைக் காய்ச்சி, அளந்து, கலந்து மருந்தாக்கிய முறை விஞ்ஞானிகளுடையது என்பது உண்மையே. ஆனால் மலையில் வளரும் ஆயிரக்கணக்கான செடிகளுள் இந்த ஒன்றைக் கையில் எடுக்கச் சொன்னது யார்? அதற்குச் சட்டத்தில் பெயரே இல்லை. பழைய அறிவு என்பது எவனும் கண்டுபிடித்தது ஆகாது. பலர் அறிந்தது, ஆகவே புதியதன்று. புதியதல்லாததற்கு உரிமை இல்லை. தருக்கம் சரியாகவே இருக்கிறது. காணிக்காரனுக்கு அதனால் ஒரு காசும் கிடைக்காது.

சட்டம் செய்யாததை நிலையம் தானாகவே செய்ய முன்வந்தது. 1995 நவம்பரில் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு மருந்தைச் செய்து விற்கும் உரிமம் ஏழாண்டுக்கு வழங்கப்பட்டது. உரிமத் தொகை பத்து லட்சம் ரூபாய். அதன்மேல் ஆலை விலையில் நூற்றுக்கு இரண்டு வீதம் விற்பனைப் பங்கு. இவ்விரண்டிலும் சரிபாதி காணிக்காரருக்கு உரியது என்று நிலையம் தீர்மானித்தது. உயிரினவளத்தின் பயனை நியாயமாகப் பகிரவேண்டும் என்று உலக நாடுகள் 1992 இல் ரியோ நகரில் ஒப்புக்கொண்டிருந்தன. ஆயினும் இந்தியாவில் அதற்கு அன்று ஒரு சட்டமும் எழவில்லை.

பணம் வந்தது, வாங்கிக்கொள்ள ஆளில்லை! காணிக்காரர் பல குடியிருப்புகளில் சிதறி வாழ்பவர்கள். எல்லாருக்கும் பொதுவான சபை அவர்களுக்கு இருந்ததில்லை. எவரிடம் கொடுப்பது? யார் கையெழுத்திடுவது? 1997 நவம்பரில்தான் கேரளக் காணி சமுதாய க்ஷேம டிரஸ்ட் பதிவாயிற்று. 1999 பிப்ரவரியில் ஐந்து லட்சத்துப் பத்தொன்பதாயிரம் ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட தொகை அதன் கணக்கில் சேர்ந்தது. கணக்குப் பார்க்கும் வழக்கமுடைய நேயர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். பத்து லட்சத்தில் பாதி ஐந்து லட்சம். விற்பனைப் பங்காக வந்தது எஞ்சிய பத்தொன்பதாயிரமே. மருந்து உற்பத்தி தொடக்கத்தில் எவ்வளவு சிறிதாயிருந்தது என்பது இதிலிருந்து புலனாகும்.

உற்பத்தி ஏன் பெருகவில்லை? இலை போதவில்லை. ஆரோக்கியப் பச்சை எங்கு நட்டாலும் முளைக்கும். ஆனால் தன் காட்டை விட்டு விலகி வளர்ந்தால் மருந்துச் சத்துக் குன்றுகிறது என்று ஆராய்ச்சியாளர் கண்டனர். ஆகவே காணிக்காரரே தங்கள் குடியிருப்பருகே பயிரிட்டு இலையைக் கம்பெனிக்கு விற்பது என்று ஏற்பாடாயிற்று. பழங்குடி நலத் திட்டத்தின் உதவியுடன் சுமார் ஐம்பது குடும்பங்கள் பயிரிட்டன. அப்போது வனத்துறை குறுக்கிட்டது. குடியிருப்புகள் காப்புக் காட்டுக்குள் இருந்தன. பயிரிட்ட செடி எது, காட்டில் தானாக விளைந்த செடி எது என்று பிரித்தறிவது எவ்வாறு என்பது அதன் வினா. வீணான வினா என்று தள்ளிவிட முடியாது. செடிக்கு விலையுண்டு என்று கேள்விப்பட்ட வெளியார் சிலர் காட்டில் புகுந்து வேரோடு பிடுங்கிச் செல்லவும் தொடங்கியிருந்தனர். ஆயினும் நட்டவன் கையிலிருந்த செடி முடங்கிற்று. மருந்து ஒரு துறையின் பொறுப்பு, காடு மற்றொரு துறையின் பொறுப்பு. இரண்டும் ஒரே தலைநகரில் இருந்தும் கலந்து பேசி முடிவு செய்யவில்லை.

காணிக்காரருக்குள்ளும் ஒற்றுமை இல்லை. ஆராய்ச்சி நிலையத்தோடு பழக்கமுடைய குற்றிச்சல் பகுதியினர் ஏற்பாட்டை வரவேற்றனர். மற்றப் பகுதிகளைச் சேர்ந்த ஒன்பது பிலாத்திகள், தங்கள் அறிவைத் தனியார் கம்பெனிக்கு விற்றது தவறு என்று 1995 இல் முதலமைச்சருக்கு எழுதினர். செடியைக் காட்டியவர்கள் இளைஞர்கள். குல அறிவைக் காத்துவந்தவர்கள் தாங்கள். தங்களைக் கேளாமல் உடன்பாடு ஆகுமா என்பது முதியோரின் மனக்குறை. அதை நான் எளிதில் ஒதுக்கமாட்டேன். ஊருக்குப் பொதுவான குளத்தை இருவர் சேர்ந்து குத்தகைக்கு விட்டால், அக்குத்தகைப் பணம் எவ்வளவு நேர்மையாகப் பங்கிடப்பட்டாலும், கேள்வி எழத்தானே செய்யும்?

இத்தனைக்கும் இடையே பெயரும் கைவிட்டுப் போயிற்று. இந்தியாவில் பெறும் காப்புரிமை இந்திய எல்லையோடு நின்றுவிடும். வணிகச் சின்னமும் அவ்வாறே. அமெரிக்காவில் எதையும் பதிவு செய்யப் பாலோட்டில் எவரும் முனையவில்லை. அதற்கான செலவும் சிறிதன்று. அங்கே ஒரு கம்பெனி ‘ஜீவனி’ என்ற பெயரையே தன் வணிகச் சின்னமாகப் பதிந்துகொண்டது. 2002 இல் ஜோஹான்னஸ்பர்க் நகரில் நடந்த உலக மாநாட்டின்போது இந்த ஏற்பாட்டுக்காக ஐக்கிய நாடுகளின் ‘ஈக்குவேட்டர்’ பரிசு கிடைத்தது.

எல்லைக் கிராமங்களில் உரிமையின் மற்றொரு வகையும் உண்டு. நெய்யாற்றின்கரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையிலுள்ள பாலராமபுரம், 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராமவர்மாவின் பெயர் தாங்கிய ஊர். தமிழ்நாட்டிலிருந்து சாலியர் குடும்பங்களை வரவழைத்து அங்கே குடியேற்றினர். இன்று மாநிலம் விட்டு மாநிலம் சென்று வாழும் நம்மைப் போல் அன்று அவர்களும் தறியைச் சுமந்து வந்தவர்கள். குழித்தறியில் நெய்த அவ்வூர்ச் சேலைக்குப் புவிசார் குறியீடு பதிவாகியிருக்கிறது. இது ஒருவனுக்குரியதன்று, ஊருக்குரியது. உரிய காலத்தில் புதுப்பித்துவரின் முடிவும் இல்லை. பத்துத் தலைமுறை அறிவுக்கு இத்தகைய உரிமையே பொருந்தும் போலும். ஆனால் சேலையைச் சேலையாகவே விற்கலாம். பச்சிலையை மருந்தாக்கச் சோதனைக் கூடம் வேண்டும், பணம் வேண்டும், ஆலை வேண்டும். அங்கேதான் உதவியும் உரிமையும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன.

பின்வந்த சட்டங்கள் இவ்வனுபவத்திலிருந்து சிலவற்றைக் கற்றன. 2002 ஆம் ஆண்டின் உயிரினப் பன்மைச் சட்டப்படி, இந்நாட்டு உயிரினப் பொருளைக் கொண்டு செய்த கண்டுபிடிப்புக்கு உரிமை கோருபவர் சென்னை தரமணியிலுள்ள தேசிய ஆணையத்தை அணுகவேண்டும். காப்புரிமை விண்ணப்பத்திலும் அப்பொருள் எங்கிருந்து பெறப்பட்டது என்று எழுதியாக வேண்டும். அதைவிடுத்து மறைத்தால் உரிமை பறிபோகும்.

பாறசாலையிலோ விளவங்கோட்டிலோ ஒரு கொல்லனோ உழவனோ புதுக் கருவி ஒன்றைச் செய்திருந்தால், தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் பொதுவான காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. தனி ஆளுக்கு விண்ணப்பக் கட்டணம் கம்பெனிக்குள்ளதில் ஐந்தில் ஒரு பங்கே. முழு விவரம் ஆயத்தமாகாவிடில் முதற் குறிப்பை மட்டும் அளித்துப் பன்னிரண்டு மாதத்துக்குள் முழுமையாக்கலாம். படிப்பும் பணமும் இல்லாத கிராமத்துக் கண்டுபிடிப்பாளருக்காக 2000 ஆம் ஆண்டில் குஜராத்தில் தேசியப் புத்தாக்க நிறுவனம் தொடங்கப்பட்டது. விண்ணப்பம் எழுதவும் விற்பனைக்கு ஆள் தேடவும் அது உதவுகிறது. ஒன்றை மட்டும் மறக்கலாகாது. விண்ணப்பிக்கும் முன் கருவியின் அமைப்பைச் சந்தையில் காட்டினாலும், பத்திரிகையில் எழுதினாலும், ஏன், வானொலியில் பேசினாலும் புதுமை போய்விட்டதாகவே சட்டம் கொள்ளும்.

ஜீவனிக்காக 1996 இல் கோரிய உரிமையின் காலம், எவ்வாறு கணக்கிட்டாலும், முடிந்துவிட்டது. இன்று அம்முறையை எவரும் கையாளலாம். 2024 மே 24 ஆம் நாள் ஜெனீவாவில் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கையை ஏற்றன. பழங்குடியினரின் அறிவை அடிப்படையாகக் கொண்டு காப்புரிமை கேட்பவர், அவ்வறிவைத் தந்த குடியின் பெயரை விண்ணப்பத்திலேயே தெரிவிக்கவேண்டும் என்பது அதன் சாரம். மல்லன் காணியும் குட்டிமாத்தன் காணியும் மலையேறும் வழியில் அப்பழத்தை விஞ்ஞானிகளிடம் நீட்டி அப்போது முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்திருந்தன.